பதினான்கு ஆண்டுகள் ஒரே நிறுவனம்: இன்னும் என்ன கடன் பாக்கி?

கேள்வி: சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர், 3 ஆகஸ்ட் 2025, காலை 11.20

கல்லூரி வளாகத் தேர்வில் எடுத்துக்கொண்ட நிறுவனத்திலேயே பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அப்பா இறந்தபோது ஒரு மாதம் விடுப்பு தந்தார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது வேறொரு நிறுவனம் நாற்பது சதவீதம் கூடுதல் சம்பளத்தில் அழைக்கிறது. மேலாளரிடம் சொன்னேன். "உன்னை இந்த வீட்டுப் பிள்ளையாக வளர்த்தோம்" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. டாடாவின் டி.சி.எஸ். நிறுவனத்து ஆட்குறைப்புச் செய்தியைப் படித்த பிறகு, இவர்களுக்கு எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. போனால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததாகுமா, அக்கா?

பதில்: 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

போங்கள். இரண்டகம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தம்பி. அப்பா இறந்தபோது விடுப்பு தந்தது யார்? எந்த நிறுவனத்திலும் விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் ஒரு மனிதர். அவர் வாடிக்கையாளரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்திருப்பார். அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா?

4 ஆகஸ்ட் 2025, காலை 7.30

தம்பி, உங்கள் பதிலைப் பார்த்தேன். உங்களுக்கு விடுப்பு தந்த மேலாளர் எப்போதோ விலகி டொரொண்டோவுக்குப் போய்விட்டார். பக்கத்து இருக்கைக்காரர் பெங்களூரில். உங்கள் நன்றிக்கு உரிய இருவருமே அந்தக் கட்டடத்தில் இல்லை. அவர்களுக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். இத்தனை ஆண்டுகள் கழித்து வரும் அந்த இரண்டு வரிக்கு அவர்களிடம் இருக்கும் மதிப்பு, நீங்கள் இன்னும் பத்து ஆண்டுகள் அதே இருக்கையில் இருப்பதற்கு அந்த நிறுவனத்திடம் இருக்காது.

வீட்டுப் பிள்ளையாக வளர்த்ததாகச் சொல்லும் மேலாளர் போன ஆண்டுதான் வந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அவர் எதை வளர்த்தார்?

4 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

டி.சி.எஸ். பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். நான் அங்கே வேலை பார்த்ததில்லை, கோபமும் இல்லை. ஜூலை 27 அன்று வெளிவந்ததை மட்டும் சொல்கிறேன். மொத்த ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேர், இந்த நிதியாண்டுக்குள் நீக்கப்படுவார்கள். பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள். அதற்கு முன் ஜூனில் ஒரு விதி வந்தது. ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளர் கணக்கில் பில் ஆகியிருக்க வேண்டும். பெஞ்சில், அதாவது எந்த வாடிக்கையாளர் வேலையும் இல்லாமல், 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். "டாடா வேலை, அரசாங்க வேலை மாதிரி" என்று பெண் பார்க்க வந்த வீடுகளில் பேசிய தலைமுறை நாங்கள். அந்த நம்பிக்கையை எந்த ஆஃபர் லெட்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாமாகவே, நம் அப்பாக்களின் வேலையைப் பார்த்து, அதன் மேல் ஏற்றிவைத்தது. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

9 ஆகஸ்ட் 2025, மாலை 5.15

"நிறுவனங்கள் நன்றி கெட்டவை" என்று ஆளுக்கு ஆள் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றி கெடுவதற்கு முதலில் நினைவு இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நினைவு கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில், அமெரிக்க இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர் ஒருவரின் மெயின்ஃபிரேம் (பெரிய மையக் கணினி) வேலை எங்கள் குழுவிடம் இருந்தது. அங்கே இரவில் ஓட வேண்டிய பேட்ச், அதாவது மொத்தமாக ஓடும் நிரல்கள், நமக்குக் காலை நேரம். அது நின்றால் அன்றைக்கு அங்கே எவருக்கும் காசோலை அச்சாகாது. அதைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். வீடு முடிச்சூரில். டிசம்பர் 2 காலை தரைத்தளம் முழுவதும் தண்ணீர். அம்மாவையும் மனைவியையும் எதிர்வீட்டு மாடியில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, ஒரு பால் வண்டியில் ஏறி, மீதித் தூரத்தை எப்படியோ கடந்து அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தார். கால்சட்டை முழங்காலுக்கு மேல் சேறு. கேன்டீன்காரர் ஒரு வேட்டி கொடுத்தார். அந்த வேட்டியோடுதான் முனையத்தின் முன் உட்கார்ந்தார். டீசல் ஜெனரேட்டர் எந்த நேரமும் நிற்கலாம் என்ற நிலை. இரவில் கம்பளத்தரையில் படுத்தார். பிறகு நிறுவனம் அமர்த்திய பஸ்ஸில் பெங்களூருக்குப் போய் அங்கிருந்து வேலையைத் தொடர்ந்தார். அந்த நாட்களில் பல நிறுவனங்கள் ஆட்களை அப்படித்தான் வேறு ஊர்களுக்கு அனுப்பின. பேட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது, எல்லோருக்கும் நகல்.

சில ஆண்டுகள் கழித்து அந்த வாடிக்கையாளர் வேலையைக் குறைத்தார். யாரை விடுவிப்பது என்று ஒரு கூட்டம். நானும் இருந்தேன். திரையில் ஓர் எக்செல் தாள். ஊழியர் எண், பேண்ட் (பதவிப் படிநிலை), ஆண்டுச் செலவு, இடம், கடைசி இரண்டு அப்ரைசல் (பணி மதிப்பீட்டு) மதிப்பெண்கள், பில் ஆகாத நாட்கள், திறன். அவருடைய வரி மஞ்சளில் இருந்தது. பேண்ட் அதிகம், செலவு அதிகம், திறன் மெயின்ஃபிரேம். நான் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். வாடிக்கையாளர் வேலைகளுக்குப் பொறுப்பான டெலிவரி தலைவர் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எங்கே பதிவாகியிருக்கிறது?" என்றார். நக்கல் இல்லை, உண்மையாகவே தேடினார். இடையில் அப்ரைசல் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். பழைய மதிப்பெண்கள் மட்டும் புதியதற்கு வந்திருந்தன, கருத்துகள் வரவில்லை. 2015க்கு நேராக "எதிர்பார்ப்பை நிறைவு செய்தார்" என்ற பொருளில் ஒரு 3. பாராட்டு மின்னஞ்சல், பழைய அஞ்சல்களை அழிக்கும் விதிப்படி எப்போதோ அழிந்துவிட்டது. அந்த அறையில் என்னைத் தவிர யாரும் அந்த வெள்ளத்தின்போது சென்னையில் இருந்தவர்கள் இல்லை.

வாதாடினேன். சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. அப்புறம் அவர் போனார்.

10 ஆகஸ்ட் 2025, காலை 8.00

அந்த டெலிவரி தலைவரை இரக்கமற்றவர் என்று திட்டி எழுதியவர்களுக்கு: வேண்டாம். அடுத்த ஆண்டு அவர் பெயரும் அதே போன்ற ஒரு தாளில் வந்தது. அவர் செய்த நல்லதும் எங்கும் பதிவாகவில்லை.

முடிச்சூர் நண்பர் நன்றாக இருக்கிறார். கிண்டியில் ஒரு வங்கியின் சொந்தத் தொழில்நுட்பப் பிரிவில் அதே மெயின்ஃபிரேம் வேலை. வீட்டைக் காலி செய்து மாடிக்குக் குடிபோய்விட்டார்.

10 ஆகஸ்ட் 2025, மதியம் 2.20

"அப்படியானால் என்னதான் செய்வது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுதிவையுங்கள். உங்கள் சொந்த நோட்டுப் புத்தகத்தில், உங்கள் சொற்களில்: எந்தத் தேதி, எது உடைந்தது, என்ன செய்தீர்கள், யாருக்குப் பயன்பட்டது. பாராட்டு அஞ்சலை உங்கள் தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பிவைக்காதீர்கள். நிறுவனத்தின் தகவலை வெளியே கொண்டுபோனதாக அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பலாம். அப்ரைசல் பேச்சின்போது அந்த ஒரு வரியைப் படிவத்தில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், வாய்ப் பாராட்டோடு எழுந்து வராதீர்கள். உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தால் அவர்களுக்காகவும் இதைச் செய்யுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என் கையில் ஒரு காகிதம் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

17 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

கோவையிலிருந்து ஒருவர் செஞ்சோற்றுக் கடன் என்று எழுதி, கர்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். நல்லது, பேசுவோம்.

சபை நடுவில் "உன் குலம் என்ன?" என்று கேட்டுக் கர்ணனைக் கூனிக்குறுக வைத்தபோது, எழுந்து வந்து அங்க நாட்டைக் கொடுத்தவன் துரியோதனன். கொடுத்தவனுக்கும் முகம் உண்டு, பெற்றவனுக்கும் முகம் உண்டு. கடைசிவரை அதே இருவர். யாருக்குக் கடன் என்பதில் கர்ணனுக்குக் குழப்பமே இல்லை. அவன் எடுத்த முடிவு சரியா தவறா என்று வாதிடலாம், அவன் விசுவாசத்துக்கு முகவரி இருந்தது என்பதை மறுக்க முடியாது.

நம்மில் பலருடைய நிலை பீஷ்மருடையது. அவர் கட்டுப்பட்டது அரியணைக்கு. சந்தனு போய், விசித்திரவீரியன் போய், பாண்டு போய், யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்காக நிற்க வேண்டியதாயிற்று. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த நாளில் அவர் வாய் அடைத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரே நிறுவனத்தில் ஐந்தாறு மேலாளர்கள், இரண்டு இணைப்புகள், ஒரு பெயர் மாற்றம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அதே அடையாள அட்டைக் கழுத்துப்பட்டியை மாட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறுகிறவர் கர்ணன் இல்லை.

எனக்குக் கர்ணனின் கடன் புரிகிறது, பீஷ்மரின் கடன் புரியவில்லை.

18 ஆகஸ்ட் 2025, காலை 6.50

நேற்று எழுதியதை இன்று படித்தபோது சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் நினைவுக்கு வந்தது. பீஷ்மரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். சுமார் ஐம்பதாயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனம். அரசு புதிய இயக்குநர் குழுவை அமைத்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா வாங்கியது. இடைப்பட்ட அந்த மாதங்களில் தலைமை இல்லை, சம்பளம் வருமா என்று தெரியாது. ஆனாலும் ஆட்கள் வேலைக்குப் போனார்கள், வாடிக்கையாளர்களின் அமைப்புகளை ஓட்டினார்கள். வாங்குவதற்கு ஏதோ மிச்சம் இருந்தது என்றால் அவர்களால்தான். யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள்? ராஜுவுக்கு நிச்சயம் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்காக, எடுத்த வேலைக்காக, வேறு போக்கிடம் இல்லாததற்காக. மூன்றும் கலந்திருக்கும். அந்த ஜூனில், வேலை ஒதுக்க முடியாத பல ஆயிரம் பேரை அடிப்படைச் சம்பளத்தோடு காத்திருப்பில் வைத்தார்கள். அவர்களில் அந்த மாதங்களில் விடாமல் வேலைக்கு வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

31 ஆகஸ்ட் 2025, மாலை 4.30

அப்பாக்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

என் அப்பா திருச்சி பெல் என்னும் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்தார். கைலாசபுரத்தில் குடியிருப்பு, உள்ளேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை. எனக்கு டைபாய்டு வந்தபோது ஒரு ரூபாய் செலவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்த மருத்துவமனைக்குப் போய்வந்தார். அவர் நிறுவனத்தைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் முகம் சிவந்துவிடும். அந்த விசுவாசத்தைப் பார்த்து வளர்ந்துவிட்டு, அதே மனத்தோடு நான் சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ராஜீவ் காந்தி சாலைக்கு வந்தேன். அவருடைய விசுவாசத்துக்கு மறுபக்கம் இருந்தது. செங்கல்லாகவும் மருந்தாகவும் கண்முன் நின்றது. என்னுடையதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

தனியார் தொழில்நுட்ப நிறுவனங்கள் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். 1970இல் அமெரிக்காவில் மந்தம் வந்தபோது ஹியூலெட்-பேக்கார்ட் (எச்.பி.) நிறுவனத்தில் பத்து சதவீதம் ஆட்கள் உபரி என்ற நிலை. யாரையும் அனுப்பவில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலை இல்லை, சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம். வேலை பெருகியதும் பழையபடி ஆயிற்று. ஐ.பி.எம். நிறுவனமும் பல பத்தாண்டுகள் ஆட்குறைப்பு செய்வதில்லை என்ற வழக்கத்தை வைத்திருந்தது. 1992இல் ஏறத்தாழ 500 கோடி டாலர் நஷ்டம் வந்த பிறகு, 1993இல் அது முடிவுக்கு வந்தது.

அதே எச்.பி.யின் 2001ஆம் ஆண்டைப் பாருங்கள். தொழில் சரிந்தபோது, தாமாக முன்வந்து சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு ஊழியர்களைக் கேட்டார்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். 1970ஐ மறக்காதவர்கள் அவர்கள். அடுத்த சில வாரங்களிலேயே, ஜூலை மாதம், 6,000 பேரை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. நிறுவனர்களில் பேக்கார்ட் 1996இல் இறந்துவிட்டார், ஹியூலெட் 2001 ஜனவரியில்.

14 செப்டம்பர் 2025, இரவு 8.45

"ஒட்டாமல் வேலை பார்ப்பதே நல்லது" என்று இளையவர்கள் பலர் எழுதுகிறீர்கள். இதில் என் மனம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன்.

இப்போது நான் இருக்கும் சிறிய நிறுவனத்தில் விருதுநகர்ப் பையன் ஒருவர் வேலை பார்த்தார். மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடிவிடுவார். வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோடு சாப்பிட வரமாட்டார். பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில் நிற்கமாட்டார். "வேலைக்கு வந்திருக்கிறேன், மேடம்" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் தலைமுறைக்கு அது சுருக்கென்று படும்.

அவர் விலகும்போது ஒப்படைப்பு ஆவணம் ஒன்றைக் கொடுத்தார். இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எந்த நிரல் எப்போது, ஏன் எழுதப்பட்டது. எந்த இடத்தில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்டிருக்கிறது. மாதக் கடைசியில் எது தடுமாறும், தடுமாறினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும். எந்த வாடிக்கையாளர் தேதியை எந்த வடிவத்தில் அனுப்புவார். தனக்குத் தெரியாததையும் தெரியாது என்று எழுதியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த பெண் முதல் வாரத்திலேயே தனியாக நின்றுவிட்டார். பாசம் பொங்கப் பிரிவு விருந்து வைத்துவிட்டு, கடவுச்சொல்லைக்கூடச் சொல்லாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தனக்குப் பின்னால் வரப்போகும், முகம் தெரியாத ஒருவரைப் பற்றி அந்தப் பையனுக்கு அக்கறை இருந்தது. நிறுவனத்தின் மேல் இல்லை. எனக்கு அது போதும்.

15 செப்டம்பர் 2025, காலை 7.10

இல்லை, நேற்று எழுதியதில் எல்லோரையும் அந்தப் பையனாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டாமை என்ற பெயரில் வேறொன்றும் உலவுகிறது. அதை எழுத நேரம் வேண்டும்.

21 செப்டம்பர் 2025, மாலை 6.00

இடையில் இரட்டை வேலை பற்றிக் கேட்டவருக்கு. 2022இல் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக அறிவித்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டியாளருக்கு ரகசியமாக வேலை பார்ப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அது ஏமாற்றுதான். 2023 பிப்ரவரியில் அதே நிறுவனம், 6.5 லட்சம் ரூபாய் ஆண்டுச் சம்பளம் என்று அழைத்துக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேருகிறீர்களா என்று கேட்டது. பாதிப் படிப்புக்கடனை அந்தச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்த வீடுகள் எத்தனையோ. சொன்ன சொல்லைக் காப்பது இரு தரப்புக்கும் பொது என்றுதான் நான் சொல்வேன். ஒரு தரப்பை மட்டும் ஒழுக்கம் பேசி நீக்குவது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

5 அக்டோபர் 2025, இரவு 10.30

ஒட்டாமையின் மறுபக்கம்.

பழைய நிறுவனத்தில், அதே இன்ஷூரன்ஸ் வேலையில், இறப்பு இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஒரு வரிசையில் தேங்கத் தொடங்கின. முகவரியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வந்தால், நிரல் அந்தப் பதிவைத் தனியே தள்ளிவைத்துவிட்டு மேலே போய்விடும். பிழைச்செய்தி வராது. அதைக் கவனித்த ஒருவர் எங்களுக்குள் இருந்தார். கெட்டிக்காரர். "நம் குழுவுக்கு ஒதுக்கிய நிரல் இல்லை, டிக்கெட்டும் (பிழைப் புகார்ப் பதிவும்) நம் பெயரில் இல்லை" என்று விட்டுவிட்டார். முறைப்படி அவர் சொன்னது சரி. யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பல வாரங்கள் கழித்து வேறொருவர் அந்த வரிசையைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு பதிவிலும் இறந்தவர் பெயர், இறந்த தேதி, பணம் பெற வேண்டியவர் பெயர், உறவு. மனைவி, மனைவி, மகள், மனைவி, தாய். நானும் அந்தத் திரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு "என் வேலை இல்லை" என்று எந்த விஷயத்திலும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

நிறுவனத்திடம் ஒட்ட வேண்டாம். அந்தக் கடைசி முனையில் இருப்பவரிடமும் ஒட்டாமல் இருக்க முடியுமா? நாம் எழுதும் நிரலில் முக்கால்வாசி யாருடைய சம்பளத்தையோ மருந்தையோ ரயில் டிக்கெட்டையோ நகர்த்துகிறது. நிறுவனத்தின் மேல் இருக்கும் கோபத்தை அவர்கள் தலையில் இறக்குவதற்கு நமக்கு உரிமை இல்லை. மேலாளருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே ஒரு பிழையை எழுப்புவதும் இந்த விசுவாசத்தில்தான் சேரும். பிழையை எழுப்புகிறவருக்கு நல்ல பெயர் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

26 அக்டோபர் 2025, காலை 9.15

சோழிங்கநல்லூர்த் தம்பி ராஜினாமா கொடுத்துவிட்டார். எழுதியிருக்கிறார். கொடுத்த மறுநாளே மேலாளர் முப்பது சதவீதம் உயர்த்தித் தருவதாகச் சொன்னாராம். அந்தப் பணம் நேற்றுவரை எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லமாட்டேன். நோட்டீஸ் காலம் 90 நாட்கள். விருதுநகர்ப் பையனின் ஆவணம் போல ஒன்று எழுதப்போவதாகச் சொல்கிறார். செய்யுங்கள்.

பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கு கேட்டிருந்தீர்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குங்கள். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு ஆண்டு. உச்சவரம்பு 20 லட்சம். இது 1972ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்த உங்கள் பணம். யாருடைய கருணையும் இல்லை.

அதே கேள்வியில் இன்னொருவர்: நான்கு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் முடிந்திருக்கின்றன, ஐந்தை எட்ட வேண்டுமா என்கிறார். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. எச்.ஆர். மறுத்தால் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

22 நவம்பர் 2025, இரவு 7.50

நேற்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. விதிகளை இனிமேல்தான் முழுமையாக வகுக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இப்போதே முடிவாகச் சொல்லவில்லை. நம் விஷயத்துக்கு வேண்டிய இரண்டு.

ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவுப்படி, ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "கணக்குத் தீர்க்க நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்று கேட்டே பழகிவிட்டோம். இந்தப் பிரிவு மேலாளர்களுக்கும் பொருந்தும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்படுபவர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. மற்றவர்களுக்கு ஐந்தாண்டு என்பது அப்படியே இருக்கிறது.

"நாங்களெல்லாம் தொழிலாளர்களா, அக்கா?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று நம்ப நமக்குத்தான் கூச்சம். 2015 ஜனவரியில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் அந்தப் பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2016இல், தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. விசுவாசத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், பக்கத்து இருக்கைக்காரருக்கு நோட்டீஸ் வரும்போது எழுந்து நின்றிருக்கிறோமா? அந்த விசுவாசம்தான் எங்கள் தலைமுறையில் குறைந்துபோயிற்று. அப்பா காலத்து பெல் குடியிருப்பும் மருத்துவமனையும் சும்மா நிலைக்கவில்லை, அங்கே சங்கங்கள் இருந்தன. ஆகஸ்டில் நான் எழுதியதில் இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

7 டிசம்பர் 2025, மாலை 3.40

திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா. மகனுக்குச் சென்னையில் முதல் வேலை. இரண்டு ஆண்டு பாண்டு (இடையில் விலகமாட்டேன் என்ற ஒப்பந்தப் பத்திரம்) கேட்கிறார்களாம், பட்டப்படிப்புச் சான்றிதழின் அசலையும் கேட்கிறார்களாம்.

அம்மா, அசலைக் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். மகனின் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை.

பாண்டு வேறு விஷயம். விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதியிருந்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாது. குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தொகை என்பது செல்லக்கூடும். இந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டு, 2 லட்சம் ரூபாய் பாண்டைச் செல்லும் என்றது. எனவே தொகையைப் பாருங்கள். உண்மையிலேயே பயிற்சி தருகிறார்களா, அதற்கான செலவுக்கும் அந்தத் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

தொகை எழுதியிருக்கும் பத்தியை மட்டும், பெயர்களை எடுத்துவிட்டு, இங்கே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். சேர வேண்டிய தேதி பதினைந்து என்கிறீர்கள். அதற்கு முன் படித்துச் சொல்கிறேன்.